தொட்டியில் ஆக்சிஜன் இருந்தது, மூன்றாம் தளத்தில் அழுத்தம் இல்லை: ஒரு பெருந்தொற்றுக் கால நிகழ்வு ஆய்வு

கோவிட் இரண்டாவது அலை உச்சத்தில் இருந்த ஓர் இரவில், சுமார் 300 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையின் மூன்றாம் தளத்தில் ஆக்சிஜன் குழாயின் அழுத்தம் திடீரெனச் சரிந்தது. அப்போது திரவ ஆக்சிஜன் தொட்டியில் பாதிக்கு மேல் இருப்பு இருந்தது. லாரி வரவில்லை, ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று சொல்லி முடித்துவிடக்கூடிய நிகழ்வு அல்ல இது. இருந்த ஆக்சிஜன் நோயாளியின் மூக்குவரை ஏன் போய்ச் சேரவில்லை, அதைச் சரிசெய்ய எடுத்த முடிவுகளில் எவை பலித்தன, எவை புதிய ஆபத்தைக் கொண்டுவந்தன என்பதே இங்கே பதிவாகிறது. மருத்துவமனை, ஊழியர், நோயாளிகள் ஆகியோரை அடையாளம் காட்டும் விவரங்கள் விடப்பட்டுள்ளன. ஓட்ட அளவுகள் முழு எண்களாக்கப்பட்டுள்ளன.

பின்னணி

மருத்துவமனையின் ஆக்சிஜன் அமைப்பு பெருந்தொற்றுக்கு முந்தைய தேவைக்காகக் கட்டப்பட்டது. 6,000 லிட்டர் திரவத் தொட்டி ஒன்று. திரவத்தை வாயுவாக்கும் வேப்பரைசர் இரண்டு, ஒவ்வொன்றின் திறனும் மணிக்கு 90 கன மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 1,500 லிட்டர். ஒன்று ஓடும்போது மற்றது பனி உருகக் காத்திருக்கும். அதன்பின் அழுத்தத்தை 4.2 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) குறைக்கும் ரெகுலேட்டர். அங்கிருந்து ஒரே செங்குத்துக் குழாய் மேலேறி ஒவ்வொரு தளத்துக்கும் கிளை பிரிகிறது. மாற்று ஏற்பாடாகத் தரைத்தளத்தில் பத்துப் பத்து சிலிண்டர்களாக இரண்டு வரிசையை ஒரே குழாயில் இணைக்கும் மேனிஃபோல்டு.

ஒரு லிட்டர் திரவ ஆக்சிஜன் ஏறத்தாழ 860 லிட்டர் வாயுவாக விரியும். எனவே நிறைந்த தொட்டியில் இருப்பது சுமார் 5,160 கன மீட்டர். பெருந்தொற்றுக்கு முன் மொத்தப் பயன்பாடு நிமிடத்துக்கு 300 லிட்டரைத் தாண்டியது அரிது. அந்தக் கணக்கில் ஒரு தொட்டி பன்னிரண்டு நாள் வரும். குழாயின் விட்டம், வேப்பரைசரின் திறன், இரவுப் பணியாளரின் எண்ணிக்கை எல்லாமே அந்த 300 லிட்டரை மனத்தில் வைத்து முடிவானவை.

அலை உயர்ந்தபோது மருத்துவமனை முதலில் செய்தது படுக்கைகளைக் கூட்டுவது. மூன்றாம் தளத்தில் இருந்த பொது வார்டு கோவிட் தீவிரக் கவனிப்பு வார்டாக மாறியது. சுவரில் ஆக்சிஜன் முனைகள் ஏற்கெனவே இருந்தன. ஆகவே இடம் தயார் என்று கருதப்பட்டது. அந்த முனைகளுக்குப் பின்னால் இருந்ததோ, மூக்குக் குழாயில் 2 லிட்டர் வாங்கும் ஒரு சில நோயாளிகளுக்காகப் போட்ட 15 மில்லிமீட்டர் கிளைக்குழாய். அது யார் கண்ணிலும் படவில்லை. இந்த நிகழ்வின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது ஆய்வுக் குழுவின் முடிவு. அந்த இரவில் நடந்தவை எல்லாம் இதன் விளைவுகள்.

அன்று எவ்வளவு ஓடிக்கொண்டிருந்தது

நிகழ்வு நடந்த இரவில் 148 பேர் ஆக்சிஜனில் இருந்தார்கள். கருவி வாரியாகப் பிரித்தால் நிலைமை தெளிவாகிறது (லிட்டர் எல்லாம் நிமிடக் கணக்கு).

மூக்குக் குழாய் அல்லது சாதாரண மாஸ்க்: 78 பேர், சராசரி 5 லிட்டர், மொத்தம் 390 லிட்டர்.
பையுள்ள மாஸ்க்: 34 பேர், 15 லிட்டர் வீதம் 510 லிட்டர்.
ஹை ஃப்ளோ கருவி (ஆக்சிஜன் கலந்த காற்றை மிக அதிக ஓட்டத்தில் மூக்குவழியே செலுத்துவது): 12 பேர், 444 லிட்டர்.
பைபேப் (இறுக்கமான மாஸ்க் வழியே அழுத்தம் கொடுத்து மூச்சுக்கு உதவும் கருவி): 14 பேர், மாஸ்க் கசிவையும் சேர்த்து ஒருவருக்குச் சுமார் 25 லிட்டர், 350 லிட்டர்.
குழாய் செருகி வென்டிலேட்டரில் இருந்தவர்கள்: 10 பேர், 75 லிட்டர்.

கூட்டினால் நிமிடத்துக்கு 1,769 லிட்டர். மணிக்கு 106 கன மீட்டர். வேப்பரைசரின் திறன் 90.

ஹை ஃப்ளோ கருவி ஒன்றுக்கு 37 லிட்டர் என்ற கணக்கு எப்படி வருகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கருவியில் மொத்த ஓட்டம் 50 லிட்டர், ஆக்சிஜன் விகிதம் 80 சதவீதம் என்று வைத்தால், உள்ளே போவது முழுவதும் குழாய் ஆக்சிஜன் அல்ல. ஒரு பகுதி அறைக்காற்று, அதிலேயே 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது. எனவே 80இலிருந்து 21ஐக் கழித்து, 79ஆல் வகுத்து, 50ஆல் பெருக்க வேண்டும். 37 வரும். விகிதத்தை 100 ஆக்கினால் 50 லிட்டரும் குழாயிலிருந்தே போகும். வென்டிலேட்டரில் இருப்பவர் ஹை ஃப்ளோ நோயாளியைவிடக் கடுமையான நோயாளியாக இருந்தும் 7 அல்லது 8 லிட்டர்தான் எடுப்பார், காரணம் அங்கே கசிவு இல்லை, அவர் உள்ளிழுக்கும் அளவு மட்டுமே போகிறது. 148 பேரில் 12 பேர், அதாவது எட்டு சதவீதத்தினர், மொத்த ஆக்சிஜனில் கால்பங்கை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் பாதிப் பேர் இருந்தது குழாயின் கடைக்கோடியான மூன்றாம் தளத்தில்.

இரவில் கவனிக்கப்பட்டவை

1.40 மணிக்கு மூன்றாம் தளத்தில் இரண்டு வென்டிலேட்டர்கள் குறைந்த வாயு அழுத்த அலாரம் அடித்தன. இவ்வகைக் கருவிகள் பொதுவாக 2.8 முதல் 6 பார் வரையிலான உள்ளழுத்தத்தில் இயங்க வடிவமைக்கப்பட்டவை. சில நிமிடங்களில் ஹை ஃப்ளோ கருவிகள் ஒவ்வொன்றாக ஆக்சிஜன் விகிதம் குறைகிறது என்று காட்டத் தொடங்கின. பொறுப்புச் செவிலியர் ஆக்சிஜன் அறைக்குப் போன் செய்தார். அங்கிருந்த இயக்குநர் தொட்டியின் அளவுமானியைப் பார்த்துவிட்டு 55 சதவீதம் இருக்கிறது, பிரச்சினை இல்லை என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. 3,300 லிட்டர் திரவம் இருந்தது, அந்த வேகத்தில் 26 மணி நேரத்துக்குப் போதும். ஆனால் மேல்நிலைத் தொட்டி நிறைந்திருந்தும் கடைசி வீட்டுக் குழாயில் நீர் சொட்டுகிற நிலைமை அது. அளவுமானி அதைக் காட்டாது.

2.05க்கு பயோமெடிக்கல் பொறியாளர் சுவர் முனையில் சோதனை அழுத்தமானியைச் செருகிப் பார்த்தார். மூன்றாம் தளத்தில் 2.6 பார். முதல் தளத்தில் 3.4. ஆக்சிஜன் அறையில் 3.7. இந்த மூன்று எண்களும் சேர்ந்தே நோயைக் காட்டின. மூலத்திலேயே அரை பார் குறைவு, வழியில் இன்னும் 1.1 பார் இழப்பு.

மூலத்தில் குறைவுக்கு இரண்டு காரணங்கள் தெரிந்தன. ஓடிக்கொண்டிருந்த வேப்பரைசர் முழுவதும் பனிக்கட்டியால் மூடிக் கிடந்தது. வேப்பரைசர் வெளிக்காற்றின் வெப்பத்தை வாங்கி மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும் திரவத்தை வாயுவாக்குகிறது. தகடுகளின் மேல் பனி தடித்துவிட்டால் காற்று உள்ளே நுழையாது, வெப்பம் போகாது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுவது பழைய வழக்கம். பயன்பாடு ஐந்து மடங்கைத் தாண்டியபின் அந்த இடைவெளி பொருந்தாது, அதிலும் ஈரப்பதம் கூடிய குளிர்ந்த இரவில் பனி மிக வேகமாகப் படியும். அன்று மாலை மாற்ற வேண்டிய முறையும் தவறியிருந்தது. ஒரே இயக்குநர் சிலிண்டர் இறக்கும் வேலையிலும் இருந்தார். பனிக்கோடு வேப்பரைசரைத் தாண்டி ரெகுலேட்டரை நோக்கிப் போகும் குழாயிலும் ஏறியிருந்தது. அது மிகவும் அபாயமான அறிகுறி: குளிர்ந்த வாயு ரெகுலேட்டரின் உட்புற ரப்பர்களை விறைக்கச் செய்து, அதைப் பாதியில் சிக்கவைத்துவிடும்.

இரண்டாவது காரணம் தொட்டியின் உள்ளழுத்தம். முந்தைய மாலையில் வந்த லாரி மேல்வழியாக மட்டும் நிரப்பிவிட்டுப் போயிருந்தது. மேலிருந்து தெளிக்கப்படும் குளிர்ந்த திரவம் தொட்டியின் மேல்பகுதியிலுள்ள வாயுவைச் சுருக்கி அழுத்தத்தை இறக்கிவிடும். மேல், கீழ் வால்வுகள் இரண்டையும் அளந்து திறந்தால் அழுத்தம் நிலையாக நிற்கும். அவசரத்தில் அது நடக்கவில்லை. அழுத்தத்தை மீட்கும் சுருளிலும் பனி. 10 பார் இருக்க வேண்டிய தொட்டியில் 7 பார் இருந்தது.

வழியில் இழப்புக்குக் காரணம் எளிய இயற்பியல். குழாயில் ஓட்டம் இரட்டிப்பானால் அழுத்த இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். மூன்றாம் தளத்தில் மட்டும் 38 பேர் நிமிடத்துக்கு 582 லிட்டர் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாற்று மேனிஃபோல்டு தானாக ஏன் இயங்கவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். அதன் உணரி ஆக்சிஜன் அறையில் இருக்கிறது, 3.5 பாருக்குக் கீழே போனால்தான் திறக்கும். அறையில் 3.7. ஆகவே அது தன் வேலையைச் சரியாகவே செய்தது. கடைக்கோடி வார்டில் நோயாளி மூச்சுத் திணறுவது அதற்குத் தெரியாது.

இன்னொன்றும் பதிவுகளில் கிடைத்தது. மூன்றாம் தளத்தின் அழுத்த அலாரம் அதற்கு முந்தைய இரவுகளிலும் விட்டுவிட்டு அடித்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒலி நிறுத்தப்பட்டது, காலையில் ஓட்டம் குறைந்ததும் தானாகச் சரியானது, யாரிடமும் சொல்லப்படவில்லை. முழுக் கவச உடையில் ஆறு மணி நேரம், ஒருவருக்கு இருபதுக்கும் மேல் நோயாளிகள், வார்டில் எந்நேரமும் ஏதாவதொரு கருவியின் அலறல். இந்தச் சூழலில் நின்றுவிடும் அலாரத்தை மறந்துவிடுவது இயல்பு. அதற்காக ஒருவர்மீதும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று குழு எழுத்தில் பரிந்துரைத்தது, அது சரியான பரிந்துரை.

முதல் முடிவு: தளத்தைத் துண்டித்துத் தனியே ஊட்டுவது

2.10க்கு இருந்த வழிகள் மூன்று. மேனிஃபோல்டைக் கையால் திறந்து முழு மருத்துவமனைக்கும் விடுவது முதலாவது. பத்து சிலிண்டர் ஒரு வரிசை, ஒன்றில் 7 கன மீட்டர், மொத்தம் 70 கன மீட்டர். நிமிடத்துக்கு 1,769 லிட்டர் வேகத்தில் அது 40 நிமிடம்கூட வராது. குழாய் இழப்பும் அப்படியே இருக்கும். எல்லா நோயாளிகளையும் கீழே இறக்குவது இரண்டாவது. இரவில், லிஃப்ட் ஒன்றில், வென்டிலேட்டர் நோயாளிகளோடு அது நடக்காது. மூன்றாவது, மூன்றாம் தளத்தை மட்டும் பிரித்து, அந்தத் தளத்துக்கான குழாயைத் திறந்து மூடும் மண்டல வால்வுப் பெட்டியிலுள்ள அவசர நுழைவு வழியாக அங்கேயே சிலிண்டர் ஆக்சிஜனை ஊட்டுவது. 582 லிட்டருக்கு 70 கன மீட்டர் இரண்டு மணி நேரம் வரும். நீளமான குழாய் பாதையில் இல்லாததால் அழுத்தமும் முழுதாகக் கிடைக்கும். அந்தத் தளம் விலகியதும் மற்ற வார்டுகளுக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும், வேப்பரைசரின் சுமையும் அதன் திறனுக்குள் வரும். மூன்றாவதைத் தேர்ந்தார்கள்.

செய்த வரிசை முக்கியம். முதலில் படுக்கையருகே வைக்கும் சிறு சிலிண்டர்கள். ஒன்றில் 1.5 கன மீட்டர், கையில் பன்னிரண்டே இருந்தன. வென்டிலேட்டரில் 8 லிட்டர் எடுத்தால் ஒரு சிலிண்டர் மூன்று மணி நேரம் வரும், பையுள்ள மாஸ்க்குக்கு 100 நிமிடம், ஹை ஃப்ளோ கருவிக்கு 40 நிமிடம். எனவே நான்கு வென்டிலேட்டர், ஐந்து பைபேப் ஆகியவற்றுக்கு ஒன்பது போக, மீதி மூன்றும் ஹை ஃப்ளோவில் மிக மோசமாக இருந்த மூவருக்கு. மற்ற மூன்று ஹை ஃப்ளோ நோயாளிகள் சுவர் ஆக்சிஜனிலேயே பையுள்ள மாஸ்க்குக்கு மாற்றப்பட்டுக் குப்புறப் படுக்க வைக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவருக்குச் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு, 78 சதவீதம் வரை இறங்கி, இணைப்பு மாறியதும் 90க்கு மேல் வந்தது. ஒவ்வொரு வென்டிலேட்டரின் அருகிலும் கையால் அழுத்தும் ஆம்பு பை திறந்து வைக்கப்பட்டது.

பெரிய சிலிண்டர்கள் மேலே வந்ததும் இணைக்கும் முன் ஒவ்வொன்றின் வாயும் ஆக்சிஜன் அளவியால் சோதிக்கப்பட்டது. தட்டுப்பாட்டுக் காலத்தில் தொழிற்சாலை சிலிண்டர்கள் மருத்துவப் பயன்பாட்டுக்கு மாற்றப்பட்டு வந்துகொண்டிருந்தன, நிறத்தையும் சீட்டையும் மட்டும் நம்ப முடியாது. சங்கிலியால் நிமிர்த்திக் கட்டி, படிக்கட்டின் வாயை மறைக்காமல் வைத்தார்கள். பிறகு அவசர நுழைவில் 4 பார் அழுத்தத்தைத் திறந்துவிட்டு, சில நொடிகளுக்குள் மண்டல வால்வை மூடினார்கள். இந்த வரிசை தலைகீழானால் தளம் முழுவதும் ஒரு கணம் வாயுவின்றி நிற்கும். வால்வை மூடாமலே விட்டால் சிலிண்டர் ஆக்சிஜன் மொத்தக் குழாய் வலைக்கும் ஓடிப் போகும். வால்வில் கை வைத்தவர் பொறியாளர், மூடலாம் என்று சொன்னவர் வார்டின் மருத்துவர். மணி 2.35.

அதே நேரத்தில் கீழே இரண்டாவது வேப்பரைசர் திறக்கப்பட்டது. அதன் வால்வு இறுகிப் போயிருந்ததால் தாமதமானது. பனி மூடியதன்மேல் சாதாரணக் குழாய்நீர் தொடர்ந்து விடப்பட்டது. இரும்புக் கம்பியால் பனியை உடைக்க ஒருவர் முனைந்தபோது இயக்குநர் தடுத்தார். தகடு பிளந்தால் திரவ ஆக்சிஜன் பீறிடும். இறுகிய வால்வுக்கு எண்ணெயோ கிரீஸோ தொடவே கூடாது, ஆக்சிஜனோடு சேர்ந்தால் அது தானே பற்றும். 3.50க்கு இரண்டாவது வேப்பரைசர் முழு ஓட்டத்துக்கு வந்தது. 4.20க்கு ஆக்சிஜன் அறையில் 4.1 பார். சிலிண்டர்கள் தீர சில நிமிடங்களே இருந்த நிலையில் தளம் மறுபடி முதன்மைக் குழாயோடு இணைக்கப்பட்டது.

அன்றிரவு ஆக்சிஜன் தடையால் யாரும் இறக்கவில்லை. ஆனால் அடுத்த இரவும் இதே 1,769 லிட்டர் காத்திருந்தது.

இரண்டாவது முடிவு: ஓட்டத்தைக் குறைப்பது

காலை ஏழு மணிக்கு மருத்துவர்கள், செவிலியர் கண்காணிப்பாளர், பொறியாளர், ஆக்சிஜன் இயக்குநர் ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். இந்த நான்கு தரப்பினரும் ஒன்றாகப் பேசியது பெருந்தொற்று தொடங்கியபின் அதுவே முதல்முறை. புதிய வேப்பரைசர் வர வாரங்கள் ஆகும். குழாய் மாற்ற வார்டை மூட வேண்டும். உடனே மாற்றக்கூடியது பயன்பாடு ஒன்றுதான்.

இரண்டு செவிலியர், ஒரு டெக்னீஷியன் கொண்ட குழு ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை எல்லாப் படுக்கைகளையும் சுற்றியது. படுக்கை எண், கருவி, ஓட்டம், சாச்சுரேஷன், மூச்சு எண்ணிக்கை, கசிவு, படுக்கும் நிலை: ஒரு நோயாளிக்கு ஒரு வரி. முதல் சுற்றிலேயே நோயாளி இல்லாத படுக்கைகளில் ஓடிக்கொண்டிருந்த ஆக்சிஜன், கழிப்பறைக்குப் போனவரின் தலையணையில் சீறிக்கொண்டிருந்த மாஸ்க், உடைந்த சுவர் இணைப்புகள் எல்லாம் கண்ணில் பட்டன. மேலே சொன்ன 1,769இல் இந்த வீணடிப்பு சேரவில்லை. இது வெறும் செலவுக் கணக்கும் அல்ல. அறைக்காற்றில் ஆக்சிஜன் 23.5 சதவீதத்தைத் தாண்டினால் துணியும் மெத்தையும் வழக்கத்தைவிட வேகமாகத் தீப்பிடிக்கும். பெருந்தொற்றுக் காலத்தில் பல நாடுகளில் கோவிட் வார்டுகள் எரிந்தன. மாஸ்க்கைக் கழற்றினால் முதலில் ஓட்டத்தை மூடு என்ற ஒரு விதி இரண்டு ஆபத்துகளையும் குறைக்கிறது.

அந்தச் சுற்று காட்டிய பெரிய விஷயம் வேறு. வார்டுகளில் பாதிக்கும் மேற்பட்டோரின் சாச்சுரேஷன் 98, 99, 100 என்று இருந்தது. இலக்கு 92 முதல் 96, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு 88 முதல் 92 என்று சுவரில் ஒட்டியிருந்தது. தெரியாமல் நடந்தது அல்ல. செவிலியர்களிடம் கேட்டபோது நேர்மையான பதில் வந்தது: இரவில் ஒருவரை மறுபடி பார்க்க இரண்டு மணி நேரமாகலாம், 93இல் விட்டுப் போனால் நடுவில் 80க்கு இறங்கினாலும் தெரியாது, 99இல் விட்டுப் போனால் கொஞ்சம் இடைவெளி இருக்கும். ஆள் இல்லாத குறையை ஆக்சிஜனால் ஈடுகட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த நிகழ்வில் மிக முக்கியமான கண்டறிதல் இதுதான். பார்க்கும் கண்களைக் கூட்டாமல் ஓட்டத்தை மட்டும் குறைக்கச் சொல்வது, அந்தச் செவிலியர் தன் அறிவால் வைத்திருந்த பாதுகாப்பைப் பிடுங்குவதாகும்.

எனவே இரண்டும் சேர்ந்தே முடிவாயின. தேர்வுகள் தள்ளிப்போன செவிலியர் மாணவர்கள், பிசியோதெரபிஸ்ட்கள், பல் மருத்துவப் பயிற்சியாளர்கள் ஆகியோருக்கு இரண்டு மணி நேரப் பயிற்சி தரப்பட்டது. பத்துப் பன்னிரண்டு படுக்கைகளுக்கு ஒரு கண்காணிப்பாளராக இவர்கள் நின்றார்கள். விரல் குளிர்ந்திருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ சாச்சுரேஷன் கருவி தவறும் என்பது, மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ணுவது, குழாய் மடிந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது, குப்புறப் படுக்க உதவுவது. சாச்சுரேஷன் 90க்குக் கீழ், மூச்சு 30க்கு மேல், பேச்சில் குழப்பம்: இதில் ஏதேனும் ஒன்று என்றால் உடனே அழைக்க வேண்டும். மருந்து, ஓட்டம், கருவி எதையும் அவர்கள் தொடக் கூடாது. கருமையான தோலில் விரல் கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று 2020 டிசம்பரில் வெளியானது. அதைக் கருதி, குறைக்கும்போது 92ஐ அல்லாமல் 94ஐ நிறுத்துமிடமாக வைத்தார்கள்.

மூன்றாவது முடிவு: ஹை ஃப்ளோ யாருக்கு, எங்கே

கருவிகள் பன்னிரண்டும் மூலத்துக்கு அருகிலுள்ள தரைத்தளத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டன. ஒரே சமயத்தில் ஏழுக்கு மேல் ஓடாது என்று வரம்பு வைக்கப்பட்டது. வரம்பு என்றால் யாரோ ஒருவருக்கு மறுப்பது. அந்தச் சுமையை இரவுப் பணி இளம் மருத்துவர் தலையில் போடாமல், மூன்று மூத்த மருத்துவர்கள் நாளுக்கு இரு முறை எல்லா நோயாளிகளையும் ஒன்றாகப் பார்த்து முடிவெடுத்தார்கள். முடிவும் காரணமும் கோப்பில் எழுதப்பட்டன, குடும்பத்தாருக்குத் தொலைபேசியில் சொல்லப்பட்டன.

இரண்டு நோயாளிகளின் போக்கு இதை விளக்கும். ஐம்பதுகளின் பிற்பகுதியில் இருந்த ஒருவர் 60 லிட்டர், 90 சதவீதத்தில் இருந்தார். சாச்சுரேஷன் 90, மூச்சு 34. ராக்ஸ் குறியீடு, அதாவது சாச்சுரேஷனை ஆக்சிஜன் விகிதத்தால் வகுத்து, பிறகு மூச்சு எண்ணிக்கையால் வகுப்பது, 2.9 வந்தது. 4.88க்கு மேல் என்றால் ஹை ஃப்ளோ பலிக்கும் வாய்ப்பு அதிகம். பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் 3.85க்குக் கீழே என்றால் தோற்கும் வாய்ப்பு அதிகம். அவர் இரண்டு நாளாக அந்த நிலையில்தான் இருந்தார். பகலில், தயாரிப்போடு, மூத்த மயக்க மருத்துவர் குழாய் செருகினார். அவருடைய தேவை 52 லிட்டரிலிருந்து 8ஆகக் குறைந்தது. ஆனால் ஆக்சிஜனை மிச்சப்படுத்த ஒருவருக்கும் குழாய் செருகக் கூடாது என்பது அன்று எழுதப்பட்ட விதி. அவருக்குச் செருகியது ஹை ஃப்ளோ தோற்றுவிட்டதால். மூன்றாவது வாரத்தில் ரத்தத்தில் கிருமித்தொற்று ஏற்பட்டு அவர் இறந்தார்.

நாற்பதுகளில் இருந்த ஒரு பெண், ஹை ஃப்ளோ கேட்டுக் காத்திருந்தவர், பையுள்ள மாஸ்க்கில் 15 லிட்டரில் 91 காட்டினார். அவருக்குக் கருவி தரவில்லை. ஒரு பயிற்சியாளர் அருகிலிருந்து மார்புக்கும் இடுப்புக்கும் கீழே தலையணை வைத்துக் குப்புறப் படுக்க வைத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றி, பகலில் எட்டு மணி நேரத்துக்கு மேல் அந்த நிலையில் இருந்தார். ஐந்தாம் நாள் மூக்குக் குழாயில் 4 லிட்டர். வீடு திரும்பினார். விழித்திருக்கும் நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்தால் ஹை ஃப்ளோவில் இருப்பவர்களுக்குக் குழாய் செருகும் தேவை குறைகிறது என்று ஆறு நாடுகளின் கூட்டுச் சோதனை 2021இல் காட்டியது. குப்புறப் படுக்க வைத்துத் தனியே விட்டுவிட்டால் பலர் சீக்கிரமே புரண்டுவிடுவார்கள். பக்கத்தில் ஆள் இருந்தால்தான் இது சிகிச்சை.

பின்விளைவு

48 மணி நேரத்தில் அதே 148 பேருக்கான ஓட்டம் இவ்வாறு மாறியது: மூக்குக் குழாயில் 96 பேர், 384 லிட்டர், பையுள்ள மாஸ்க்கில் 20 பேர், 240, ஹை ஃப்ளோ 7 பேர், 231, மாஸ்க் அளவு சரிசெய்து கசிவு குறைத்த பைபேப் 12 பேர், 216, வென்டிலேட்டர் 13 பேர், 104. மொத்தம் 1,175 லிட்டர், மணிக்கு 70 கன மீட்டர். மூன்றில் ஒரு பங்கு குறைவு. நிறைந்த தொட்டி இரண்டு நாளுக்குப் பதில் மூன்று நாள் வந்தது. மூன்றாம் தளத்தில் அழுத்தம் 3.8 பாருக்குக் கீழே இறங்கவில்லை.

அழுத்தம் சரியானதும் இன்னொன்று தெரிந்தது. ஃப்ளோமீட்டர்கள் 4 பாரில் அளவு குறிக்கப்பட்டவை. 2.6 பாரில் 15 லிட்டர் என்று காட்டும்போது உண்மையில் கிடைப்பது சுமார் 13. குறைந்த அழுத்தத்தில் நோயாளி தேறவில்லை என்று ஓட்டத்தைக் கூட்ட, கூட்டியதால் அழுத்தம் மேலும் குறைய, வார்டே ஒரு சுழலில் சிக்கியிருந்தது.

கெட்டதும் நடந்தது. இரண்டாம் இரவில், கண்காணிப்பாளர் இன்னும் வராத ஒரு வார்டில், சுற்று வந்த குழு 66 வயதான ஒருவரின் ஓட்டத்தை 10இலிருந்து 5க்கு ஒரே அடியாகக் குறைத்துவிட்டுப் போனது. விரல் கருவி நழுவியிருந்தது. அடுத்து ஒருவர் பார்த்தபோது சாச்சுரேஷன் 82. தீவிர சிகிச்சைக்கு மாற்றப்பட்டுத் தேறினார். அதன்பின் விதிகள் இறுகின. ஒரு படிக்கு 1 அல்லது 2 லிட்டர் மட்டும். குறைத்து இருபது நிமிடம் கழித்து, படுத்திருக்கையிலும் சில சொற்கள் பேசவைத்தபின்னும் பார்க்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை குறைப்பே கிடையாது. கண்காணிப்பாளர் இல்லாத வார்டில் பகலிலும் கிடையாது.

கோவிட் அல்லாத நோயாளிகள் கொடுத்த விலையும் கணக்கில் சேரும். பிரசவ அறையும் அதே செங்குத்துக் குழாயில் இருந்தது. அன்றிரவு அங்கும் அழுத்தம் குறைந்தது, ஆனால் அங்கே அழைத்துச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைகள் அடுத்த மூன்று வாரங்கள் நின்றன.

என்ன மாறியது, என்ன மாற வேண்டும்

வேப்பரைசர் மாற்றம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆனது, பனிக்கோடு வெளிக்குழாயில் தெரிந்தால் அதற்கும் முன்னரே. இரு வால்வுகளும் வாரம் ஒரு முறை முழுதாகத் திறந்து மூடப்படுகின்றன. ஆக்சிஜன் அறையில் இரவும் பகலும் இருவர். லாரி நிரப்பும்போது தொட்டி அழுத்தத்தைப் பார்த்து எழுதுவது இயக்குநரின் பொறுப்பு, ஓட்டுநரின் பொறுப்பு அல்ல.

முதன்மைக் குழாயில் ஓட்டமானி பொருத்தப்பட்டது. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் போகிறது என்ற ஒரே எண் தினமும் காலை, மாலை, நள்ளிரவு என மருத்துவக் குழுவுக்கும் போகிறது. 1,200ஐத் தாண்டினால் புதிய சேர்க்கையைப் பற்றி மேசையில் பேச வேண்டும், 1,350இல் சேர்க்கை நிற்கும். காலிப் படுக்கை இருக்கிறதே என்ற வாதம் இனி எடுபடாது. ஒவ்வொரு தளத்தின் கடைசி முனையிலும் அழுத்தமானி இருக்கிறது, மேனிஃபோல்டின் உணரி மூன்றாம் தளத்தின் அழுத்தத்தையும் பார்க்கும்படி மாற்றப்பட்டுள்ளது. அலாரத்தை யார் நிறுத்தினாலும் பக்கத்திலுள்ள பதிவேட்டில் நேரமும் அழுத்தமும் எழுத வேண்டும், காலையில் பொறியாளர் அதைப் படிப்பார்.

காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் பிஎஸ்ஏ ஆலை வாங்கும் யோசனையும் இருக்கிறது. அது தரும் ஆக்சிஜனின் தூய்மை சுமார் 93 சதவீதம். வார்டுகளுக்கு அது போதும், லாரியை நம்பும் தேவை குறையும். ஆனால் மின்சாரம் நின்றால் அதுவும் நிற்கும், குழாயின் குறுகலையும் அது தீர்க்காது. ஆகவே குழுவின் முன்னுரிமை வேறு: முதலில் மூன்றாவது வேப்பரைசர், அடுத்து மூன்றாம் தளத்துக்கு 28 மில்லிமீட்டர் கிளைக்குழாயும் எதிர்முனையிலிருந்து இன்னொரு இணைப்பும், ஒரு பக்கம் அடைத்தாலும் மறுபக்கம் ஊட்டும்படி. குழாய் வேலைக்கு அந்தத் தளம் இரண்டு வாரம் காலியாக வேண்டும், நோயாளி எண்ணிக்கை தாழ்ந்திருக்கும் மாதத்தில்தான் அது முடியும். அதுவரை மூன்றாம் தளத்தில் ஹை ஃப்ளோ கருவி எதுவும் இணைக்கப்படாது, அங்கே ஆக்சிஜன் நோயாளிகள் 24 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அவசர நுழைவுக்கான குழாய், ரெகுலேட்டர், ஆக்சிஜன் அளவி, வால்வுச் சாவி ஆகியவை அதே தளத்தில் பூட்டாத பெட்டியில் வைக்கப்பட்டுள்ளன. மாதம் ஒரு முறை இரவுப் பணியில் இருப்பவர்களே சிலிண்டர் ஏற்றி இணைத்துப் பார்க்கும் ஒத்திகை நடக்கிறது.